திருகாணி தெரியும் ஆட்டங்கள்

மேசைமேல் ஓர் ஆலை விரிகிறது. வடிவமைப்பு, சரக்கு, அசெம்ப்ளி, சோதனை, நிர்வாகம் என ஐந்து பிரிவுகள். ஆடுகிற ஒவ்வொருவரும் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர். இன்று எந்தப் பிரிவுக்குப் போவது என்பதுதான் தினமும் எடுக்க வேண்டிய முடிவு. போன இடத்தில் இரண்டு ஷிஃப்டோ மூன்று ஷிஃப்டோ கிடைக்கும். அதைச் செலவழித்து உதிரிபாகத்துக்கு ஆர்டர் போடலாம், வண்டியை லைனில் நகர்த்தலாம், பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். மிச்சமானால் சேர்த்தும் வைக்கலாம். இதற்கு நடுவே சாண்ட்ரா என்ற மேலாளர் பிரிவு பிரிவாகச் சுற்றி வருகிறார். அவர் வந்து நிற்கும்போது உங்கள் வேலை எந்த அளவில் இருக்கிறதோ அதற்கு ஏற்ற பலன். நல்ல சாண்ட்ரா, கெட்ட சாண்ட்ரா என்று இரண்டு வகை உண்டு. எந்தச் சாண்ட்ரா வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வப்போது மீட்டிங்கும் நடக்கும். அதில் இடம் பிடித்து, செய்த வேலையைச் சொல்லிக்காட்டினால்தான் புள்ளி.

‘கான்பான் ஈவி’ என்ற இந்தப் பலகை ஆட்டத்தை உருவாக்கியவர் போர்ச்சுகல்காரர் விட்டல் லசெர்டா. பெட்ரோல் கார் ஆலையாக 2014இல் வந்த ஆட்டம், 2020இல் மின்சார வண்டி ஆலையாக மாறியது. ஓசூரும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் மாறியது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்ட ஊர் இது. இன்று அதே ஊரில் ஏதர் ஸ்கூட்டர்கள் லைனிலிருந்து இறங்குகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு பக்கம், போச்சம்பள்ளியில், ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை நிற்கிறது. லசெர்டாவின் பெட்டியை ஓசூரில் ஒரு வீட்டில் பிரித்தால், எதிரில் உட்காருபவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “ஞாயித்துக்கிழமையும் இதேவா?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர் மூன்று மணி நேரம் கழித்தும் எழுந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

காரணம், ஓசூருக்கு இந்த மொழி ஏற்கெனவே தெரியும். டொயோட்டாவில் டைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையில், தேவைப்படும்போது மட்டும் ஒரு சீட்டு பின்னால் போகும், தேவையான அளவு பாகம் மட்டும் முன்னால் வரும். 2002இல் டிவிஎஸ் மோட்டார் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அதற்கு முன்னும் பின்னுமாக, சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வெண்டர் கம்பெனிகள் வரை கைசன், ஃபைவ்-எஸ், கான்பான் எல்லாம் சுவரொட்டிகளாகவும் பயிற்சி வகுப்புகளாகவும் இறங்கின. ஐடிஐ முடித்து லைனில் நிற்கிற பையனுக்கும் ‘டேக்ட் டைம்’ (ஒரு வண்டியை முடிக்க ஒதுக்கிய நேரம்) என்றால் என்னவென்று தெரியும். எந்த ஸ்டேஷனில் வேலை தேங்குகிறது என்று பார்க்க அவன் கண் பழகியிருக்கிறது. பொழுதுபோக்கிலும் அந்தக் கண் மூடிக்கொள்வதில்லை.

பலகை ஆட்டம், லினக்ஸ் இயங்குதளம், சிறு குழுக்கள் செய்யும் கணினி விளையாட்டுகள் ஆகிய மூன்றையும் ஒருவரே விரும்பினால், மூன்று தனித்தனிப் பைத்தியங்கள் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். எனக்கு அது ஒரே ருசியாகத் தெரிகிறது. திருகாணி வெளியே தெரிகிற பொருள்மீதான ருசி. பலகை ஆட்டத்தின் எந்திரம் முழுவதும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பிடிக்காத விதியை நான்கு பேர் ஒத்துக்கொண்டால் மாற்றிவிடலாம். லினக்ஸின் மூலநிரல் எல்லார் முன்பும் திறந்து கிடக்கிறது. சிறு குழுவின் விளையாட்டில், செய்தவர் எதற்காக இப்படிச் செய்தார் என்பது ஆடும்போதே தெரிந்துவிடும். எட்டு மணி நேரம் வேறொருவர் வகுத்த வரிசையில் நிற்பவர்கள், வீடு திரும்பியதும் வரிசையைத் தாமே வகுக்க விரும்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்த எல்லைப்பகுதியில் பலகை ஆட்டம் ஜெர்மனியிலிருந்தோ போர்ச்சுகலிலிருந்தோ வரவேண்டிய தேவை இருந்ததில்லை. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் கூட்டமாக நின்று புலியை அடைக்கும். கன்னடம் பேசும் அத்திப்பள்ளிப் பக்கம் போனால் ஆடு ஹுலி, தெலுங்கு பேசும் வீட்டில் புலி ஜூதம். ஓசூரில் ஒரே தெருவில் மூன்று பெயர்களையும் சொல்பவர்கள் கிடைப்பார்கள். இரண்டு தரப்புக்கும் வெவ்வேறு பலம், வெவ்வேறு இலக்கு என்ற அமைப்பை இன்றைய பலகை ஆட்ட ரசிகர்கள் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். 2018இல் வந்த ‘ரூட்’ ஆட்டம் புகழ்பெற்றதே அதனால்தான். அதில் காட்டைப் பிடிக்கப் போட்டியிடும் பூனைக்கு ஒரு விதி, பறவைக்கு வேறு விதி. நம் ஊர்க் கோயில் மண்டபத் தரையில் யாரோ உளியால் கீறி வைத்த கோட்டில் அந்த யோசனை எப்போதோ இருந்துவிட்டது. பல்லாங்குழியும் அப்படித்தான். ஏழும் ஏழுமாகப் பதினான்கு குழிகள், புளியங்கொட்டையோ சோழியோ போதும். பகடை இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. கணக்கு மட்டும்தான்.

மைசூர் பக்கத்துக் கதை இதைவிடச் சுவையானது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் கையிலிருந்து 1831இல் ஆங்கிலேயர்கள் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டம் மட்டும் மிஞ்சிய அந்த அரசர், 1868இல் இறக்கும்வரை தம் காலத்தில் பெரும்பங்கை ஆட்டங்களில் செலவழித்தார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் விடாமல், எந்தக் கட்டத்திலும் இருமுறை நிற்காமல் சுற்றிவரும் புதிர், சீட்டாட்டங்கள், பெரிய பெரிய பலகைகள் என்று புதிது புதிதாக வடிவமைத்துக்கொண்டே இருந்தார். ஆட்சி செய்ய நாடு இல்லாதபோது, விதி எழுத ஒரு பலகையாவது வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. இந்த மரபைத் தேடித் தொகுத்து, மரபு ஆட்டங்களைக் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்து, 2007 முதல் கண்காட்சியாக வைத்துவருகிறது மைசூரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம். சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா நிறுவனமும் தாயக்கட்டம், பரமபதம், ஆடுபுலி ஆகியவற்றைக் கடையில் வாங்கும் பொருளாக்கியது. 1799 வரை ஓசூர் மைசூர் ஆட்சியில் இருந்த ஊர். ஆகவே இரண்டு பக்கத்து உரிமையையும் கோரலாம்.

புது ஆட்டங்களைத் தேடுகிறவருக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே பலகை ஆட்டத்துக்கென்றே காபிக் கடைகள் இருக்கின்றன, வார இறுதிக் கூட்டங்கள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்தபின் பொம்மசந்திரா வரை மெட்ரோவும் வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் வரை நீள வேண்டும் என்பது ஊரின் பழைய கனவு. அதுவரை ‘மினி மெட்ரோ’ என்ற சின்ன விளையாட்டில் கோடு இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி விலைதான் பிரச்சினை. வெளிநாட்டு ஆட்டம் என்றால் பல ஆயிரம். அதனால் சிலர் தாளில் அச்சிட்டு, வெட்டி, அட்டையில் ஒட்டி ஆடுகிறார்கள். இப்படி ஆடுவதற்கென்றே கோப்புகளை இலவசமாக வெளியிடும் வடிவமைப்பாளர்களும் உண்டு. ஜாப் வொர்க் பட்டறைகளுக்கும் லேசர் வெட்டுக் கடைகளுக்கும் பஞ்சமில்லாத ஊரில், கடையில் வாங்கியதைவிட உறுதியான காய்களைச் செய்துகொள்ள முடியும்.

லினக்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதன் வரலாறு கல்லூரி விடுதிகளில் மட்டும் நடந்ததல்ல. 2007இல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். ஓர் அரசு நிறுவனம் அப்படி மாறியது அன்று தேசிய அளவில் செய்தியானது. அதே ஆண்டு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸ் பதிப்பு வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அந்த ‘பாஸ்’ஸும் இருந்தது. கணினியைத் திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலானவர்கள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பது என்னவென்று திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு கருவியைக் கையில் கொடுத்தால் அதுதான் நடக்கும். ஆயினும், தமிழ்நாட்டு மாணவர்கள் லட்சக்கணக்கானோரின் மேசைக்கு லினக்ஸ் ஒருமுறை வந்து போயிருக்கிறது. உலகில் பல இடங்களுக்கு இந்த வாய்ப்பு வாய்க்கவில்லை.

சொல்லித்தரும் ஆட்கள் வேறு வழியில் வந்தார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே எழுதியது. ஓசூருக்கு இன்னொரு ஊற்று இன்னும் பக்கத்தில் இருந்தது. பெங்களூருவின் அதுல் சிட்னிஸ் முயற்சியில் 1996இல் ‘பிசி குவெஸ்ட்’ இதழோடு லினக்ஸ் குறுந்தகடு இலவசமாக வந்தது. இணைய இணைப்பு அரிதாகவும் மெதுவாகவும் இருந்த காலம் அது. பத்திரிகை வாங்கினால் ஒரு முழு இயங்குதளம் கிடைக்கும் என்பது ஏதோ தீபாவளி மலர் போல இருந்தது. 2001இல் ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு ஆரம்பித்துப் பின்னால் ‘ஃபாஸ் டாட் இன்’ ஆனது.

சிப்காட் பகுதியில் லினக்ஸ் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் எந்திரக் கட்டுப்பாட்டுக்காக எழுதிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது அது. பழைய மில்லிங் மெஷினின் இரும்பு நன்றாக இருக்கும், கண்ட்ரோலர் போயிருக்கும். புது கண்ட்ரோலர் போட்டால் மெஷின் விலையை எட்டிவிடும். அந்த நிலையில், ஒரு பழைய கணினியையும் மோட்டார் டிரைவ்களையும் கொண்டு எந்திரத்துக்கு மறுவாழ்வு கொடுக்கிறார்கள். எந்திரத்துக்குக் கட்டளையிடும் ஜி-கோடு அதே ஜி-கோடுதான். எந்தக் கம்பி எந்தச் சிக்னல் என்பதை நீங்களே ஒரு கோப்பில் எழுத வேண்டும். தவறாக எழுதினால் அச்சு எதிர்த்திசையில் ஓடும். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனில் கை வைத்துக்கொண்டு முதல் சோதனையைச் செய்வதில் இருக்கும் பரபரப்பை எந்தக் கணினி விளையாட்டும் தந்துவிடாது. இப்படி எந்திரம் ஓட்ட, குறித்த நொடித்துகளில் குறித்த வேலையை முடிக்கும் திறன் வேண்டும். அதற்கான நிரல்பகுதி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே இருந்துவிட்டு, 2024இல் வெளிவந்த லினக்ஸ் 6.12 கருவில்தான் முறையாகச் சேர்ந்தது. அவசரப்படாத ஊழியர்கள்!

ஏதர் ஸ்கூட்டரின் திரைக்குள் ஓடுவதும் ஆண்ட்ராய்டின் திறந்த பதிப்புதான். ஆண்ட்ராய்டுக்கு அடியில் லினக்ஸ் கரு. லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராதவர்கள்கூட ஓசூரில் தினமும் அதை லைனில் ஏற்றி இறக்குகிறார்கள்.

லினக்ஸில் விளையாட முடியாது என்பது பழைய குறை. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘புரோட்டான்’ அதைப் பெருமளவு தீர்த்தது. விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் அடுக்கு அது. 2022இல் வந்த ‘ஸ்டீம் டெக்’ கைக்கணினியே லினக்ஸில்தான் ஓடுகிறது. ‘வாலரண்ட்’ போன்ற போட்டி விளையாட்டுகள் மட்டும், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் பிடிவாதத்தால், இன்னும் வெளியே நிற்கின்றன. என் கணக்கில் அது பெரிய நஷ்டமில்லை. அவற்றை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாறியவர் சிறு குழுக்களின் விளையாட்டுகள் பக்கம் திரும்பலாம். அங்கே அவருக்காகவே ஒரு செக் நாட்டு விளையாட்டு காத்திருக்கிறது.

‘ஃபாக்டோரியோ’ பற்றித்தான் சொல்கிறேன். பிராகாவில் ஒரு சிறு குழு 2012இல் தொடங்கி, 2020 ஆகஸ்டில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஆளில்லாத கோளில் விழுந்த ஒருவர், கையால் கல் உடைப்பதில் ஆரம்பித்து ராக்கெட் ஏவும் ஆலைவரை கட்ட வேண்டும். சுரங்கம், உலை, கன்வேயர் பெல்ட், பாகத்தை எடுத்து வைக்கும் கைகள் எல்லாம் உண்டு. பச்சை சர்க்யூட் பலகை செய்யும் எந்திரம் இரண்டு என்றால், அதற்குச் செப்புக்கம்பி தரும் எந்திரம் மூன்று வேண்டும். மூன்றுக்கு இரண்டு. இந்த விகிதம் தவறினால் பெல்ட் ஒன்று காலியாகும் அல்லது நிரம்பி நிற்கும். லைன் பேலன்சிங் படித்த எவருக்கும் முதுகுத்தண்டு நிமிரும் இடம் இது. அவசரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக பெல்ட் போட்டுக் குழப்பிவைத்த ஆலையை ரசிகர்கள் ‘ஸ்பகெட்டி’ என்று கிண்டல் செய்வார்கள். ஓசூரிலும் வெளியிலிருந்து பார்த்தால் நவீனமாகவும் உள்ளே போனால் அப்படியும் இருக்கும் ஆலைகள் உண்டு. பெயர் வேண்டாம். இந்த விளையாட்டு லினக்ஸில் எந்த அடுக்கும் இல்லாமல் நேரடியாக ஓடும். தள்ளுபடி கிடையாது என்பது அவர்கள் கொள்கை. விலை ஏறியிருக்கிறதே தவிர இறங்கியதில்லை. முன்னோட்டப் பதிப்பு மட்டும் இலவசம்.

ஆலை வேலையிலிருந்து வந்து ஆலை கட்டுவதா என்று மறுபடியும் கேள்வி எழும். வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரியது. ஃபாக்டோரியோவில் லைனை நிறுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மொத்தத்தையும் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம். தினம் தினம் ஒரு யோசனையை மேலே சொல்லி, அது ‘சஜெஷன்’ பெட்டியிலேயே மடிந்துபோவதைப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

எல்லாமே எந்திரக் கணக்காகப் போய்விட்டால் அலுப்புத் தட்டும். அதற்கு மருந்து, தமிழர்களுக்கு நெருக்கமான ‘வெண்பா’. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன், மனைவியின் அம்மாவுடைய சமையல் குறிப்பேடு என்பதுதான் கதை. குறிப்பேட்டில் எழுத்து அழிந்திருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று கணக்குப் பிரியர்கள் முணுமுணுப்பார்கள். இட்லிக் குண்டானும் ஓர் எந்திரம்தான், அழிந்த குறிப்பேடும் ஒரு விதிப்புத்தகம்தான் என்பது என் பதில். 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும் இதற்குக் கிடைத்தன. ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களைக்கு இந்த உலகில் கிடைத்த பெரிய மேடை இது.

இப்படிப்பட்ட ருசி உள்ளவருக்கு வீட்டில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்றால் ரம்மியும் கடனும் தற்கொலையும்தான். 2023இல் மாநிலம் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசும் தடைசெய்தது. இரண்டுமே தேவைப்பட்டவை என்றே நினைக்கிறேன். ஆனால் மாமியார் கண்ணில் ஃபாக்டோரியோவும் ரம்மியும் ஒன்றுதான். விளக்க முயல்வதைவிட, அவரோடு உட்கார்ந்து ஒரு கை பல்லாங்குழி ஆடுவது பயன் தரும். பெரும்பாலும் தோற்பீர்கள்.

இந்த ருசி யார் யாருக்கு எட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலே எழுதியதெல்லாம் பெரும்பாலும் சம்பளமும் சொந்தக் கணினியும் ஆங்கிலமும் உள்ள ஆண்களின் உலகம். இந்த வட்டாரத்தின் புதிய தொழிலாளர்களில் பெரும் எண்ணிக்கையினர் இளம்பெண்கள். ஓலா தன் ஆலையை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக 2021இல் அறிவித்தது. தேன்கனிக்கோட்டை பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் கைப்பேசி பாகங்கள் செய்பவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். விடுதி, கம்பெனி பஸ், ஷிஃப்ட், மறுபடி விடுதி. ஜார்க்கண்டிலிருந்து வந்தவரும் தருமபுரியிலிருந்து வந்தவரும் ஒரே அறையில் இருப்பார்கள். கையில் செல்போன் மட்டும். பொது அறையில் இடம் இருந்தால் கேரம் போர்டு இருக்கும். லசெர்டாவின் பெட்டி அங்கே போய்ச் சேராது. போனாலும் அதன் ஆங்கில விதிப்புத்தகம் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும். மொழியே தேவைப்படாத ஆட்டங்கள்தான் அந்த அறைக்குப் பொருந்தும். ஆடுபுலிக்கு விதி சொல்ல ஒரு வாக்கியமும் இரண்டு சைகையும் போதும். இந்தி பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் முதல் ஐந்து நிமிடத்தில் சமமாகிவிடுவார்கள். ஆலைகள் விடுதிக்கு வாங்கித்தரும் தொலைக்காட்சியின் விலையில் ஒவ்வொரு மாடிக்கும் ஆட்டப்பலகைகள் வாங்கிவிடலாம். மனிதவளத்துறையினர் யாராவது இதைப் படித்தால் கவனிக்கட்டும்.

வீட்டில் பழைய அரசு மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தால் அதையும் இறக்கிப் பார்க்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அந்த மாதிரிக் கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, ‘ஓப்பன் டிடிடி’யை நிறுவினால் ஓடும். 1990களின் போக்குவரத்து விளையாட்டு ஒன்றை ஆர்வலர்கள் 2004 முதல் திறந்த நிரலாக மறுபடி எழுதி வளர்த்தது அது. முற்றிலும் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. முதல் தடமாக இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பேருந்து விடுங்கள். ரயில் போடுவது அதற்குப் பிறகு. சிக்னல்களைப் பற்றி மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லா ரயிலும் ஒரே சந்திப்பில் நின்றுவிடும்.